வேலையும் பயிற்சிக் கணக்கில் சேரும்

நெடுந்தொலைவு ஓட்டம், மிதிவண்டி, நீச்சல், இம்மூன்றும் சேர்ந்த முப்போட்டி ஆகியவற்றைத் தாங்குதிறன் விளையாட்டுகள் என்பர். நெடுநேரம் தளராமல் உழைக்கும் ஆற்றலே இவற்றில் வெற்றியைத் தீர்மானிக்கிறது. இவ்விளையாட்டுகளுக்கான பயிற்சி நூல்கள் பெரும்பாலும், காலையில் ஓடி முடித்தபின் மேசைமுன் அமர்ந்தோ வீட்டில் படுத்தோ இளைப்பாறக்கூடிய ஒருவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், கிழக்கு மேற்கு எம்ஆர்டி தடத்தின் கடைசி நிலையமான துவாஸ் லிங்க்கைச் சுற்றியுள்ள கப்பல் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் பகலெல்லாம் நின்று, தூக்கி, ஏறி, இறங்கி வேலை பார்த்துவிட்டு, இருட்டியபின் அகன்ற சாலையோரத்தில் ஓட்டக் காலணியுடன் இறங்கும் தமிழ் ஊழியருக்கு அந்நூல்களில் இடமில்லை. இவ்வுரை முதன்மையாக அவருக்கானது. அலுவலகத்தில் வேலை செய்பவர்களும் கேட்கலாம், ஆனால் கணக்கு அவர்களுக்கு இவ்வளவு கடுமையானதன்று.

முதலில் ஓர் அடிப்படை. ஓடும்போது உடல் வலுப்பெறுவதில்லை, தேய்கிறது. தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்தாகிய கிளைக்கோஜன் கரைகிறது. உடலின் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. அதன்பின் வரும் உணவிலும் உறக்கத்திலும்தான் சிதைந்தது சீராகி, முன்பைவிடச் சற்று வலுவாகக் கட்டப்படுகிறது. உயிரணுக்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன, குருதியின் நீர்ப்பகுதி கூடுகிறது. இம்மாற்றத்தைத் தகவமைப்பு என்பர். பயிற்சி என்பது தகவமைப்புக்கான விண்ணப்பம் மட்டுமே. அதற்கு ஒப்புதல் தருவது உறக்கம்.

பலரும் தவறவிடுவது அடுத்த செய்தியை. தேய்மானம் எங்கிருந்து வந்தது என்று உடல் பிரித்துப் பார்ப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் பரப்பிய எளிய முறையொன்றின்படி, ஒரு பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று சுழியம் முதல் பத்து வரை மதிப்பிட்டு, அதைப் பயிற்சி நீடித்த நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை கிடைக்கும். ஆறு மதிப்புள்ள ஒரு மணி நேர ஓட்டம் 360 புள்ளி. மூன்று மட்டுமே மதிப்புள்ள எட்டு மணி நேர வேலையோ 1,440 புள்ளி. விளையாட்டுப் பயிற்சிக்காக வகுக்கப்பட்ட இம்முறை தொழிலுழைப்பைத் துல்லியமாக அளந்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் ஓட்டத்தை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அதன் நான்கு மடங்கான வேலையை எழுதாமல் விடுபவர், சில்லறையை எண்ணிவிட்டுக் கடனை மறப்பவருக்கு ஒப்பானவர். வேலையும் பயிற்சிக் கணக்கில் சேரும்.

அப்படியானால் வேலையே போதுமான பயிற்சியாகாதா, வேறு ஓட்டம் எதற்கு என்னும் ஐயம் இயல்பாகவே எழுகிறது. ஆகாது. டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் முதலியோர் உடலுழைப்பு முரண் என்னும் பெயரில் ஆராய்ந்த பொருள் இதுவே: ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி இதயத்துக்கு நன்மை தர, தொழிலிடத்துக் கடும் உழைப்பு அதே நன்மையைத் தருவதில்லை. இதயத்துடிப்பை உயர்த்தி இதயத்தைப் பலப்படுத்தும் அளவுக்கு அவ்வேலை வேகமானதன்று. நேரமோ மிக நீண்டது, இடையில் இளைப்பாறுவதும் தொழிலாளியின் விருப்பத்தில் இல்லை. ஆகவே ஓட்டம் வேண்டும், அளவு குறைய வேண்டும். கடுமையான உடல்வேலை செய்பவர் வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு முறை ஓடினால் போதும். அவற்றில் ஒன்று மட்டுமே மூச்சிரைக்கும் ஓட்டமாக இருக்கலாம்; எஞ்சியவை பக்கத்தில் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்க வேண்டும். உலகத் தரத்திலான ஓட்டக்காரர்களே தம் பயிற்சியின் மிகப் பெரும்பகுதியை இவ்வாறு மெதுவாகத்தான் ஓடுகின்றனர் என்பது மெதுவாக ஓட வெட்கப்படுவோர் அறிய வேண்டியது.

வேகத்தைப் பற்றிய இன்னொரு வீண் கவலையும் உண்டு: குளிர்நாட்டு வேகத்தை இங்கே எட்ட முடியவில்லையே என்பது. சிங்கப்பூர்த் தமிழரான முருகையா ரமேஷன் 1995இல் தென்கிழக்காசிய விளையாட்டுகளின்போது மராத்தானை 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் ஓடி நிறுவிய தேசியச் சாதனை, 2019இல் சோ ருய் யோங் 2 மணி 23 நிமிடம் 42 விநாடியில் ஓடும்வரை, இருபத்து மூன்று ஆண்டுகள் நிலைத்தது. முதலாவது டிசம்பர் மாதத்துச் சியாங் மாயிலும், இரண்டாவது ஜனவரி மாதத்து ஹூஸ்டனிலும் நிகழ்ந்தவை; அதே வீரர் அதையும் முறியடித்து 2 மணி 22 நிமிடம் 59 விநாடியில் ஓடியது 2021 டிசம்பரில், ஸ்பெயினின் வலென்சியாவில். சிங்கப்பூரின் தேசியச் சாதனைகள் சிங்கப்பூருக்கு வெளியே, குளிர்ந்த காற்றில் பிறந்திருப்பது தற்செயலன்று. 1983இல் இத்தீவிலேயே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பெண்கள் மராத்தான் தங்கத்தை வென்ற கே. ஜெயமணியின் ஓட்டத்தை நேரத்தால் மட்டும் எடைபோடுவது இதனால்தான் அநீதி. ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை வழிகிறதே தவிர எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. குளிர்நாட்டுப் பயிற்சி அட்டவணையில் உள்ள வேகத்தைத் துவாஸ் சாலையில் பிடிக்க முயல்வது வீண்.

வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று ஆகிய நான்கையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் உருண்டை வெப்பநிலை என்னும் அளவு துவாஸ் ஊழியர்களுக்குப் புதிதன்று. அது 32 பாகையை எட்டினால் வெளியிடங்களில் கடும் உடல்வேலை செய்வோருக்கு மணிக்குப் பத்து நிமிடமும், 33ஐ எட்டினால் பதினைந்து நிமிடமும் ஓய்வு தர வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023 அக்டோபர் முதல் விதித்துள்ளது. வேலைத்தளத்தில் அவ்வளவு ஓய்வைச் சட்டமே கட்டாயப்படுத்தியிருக்க, அன்று மாலையே ஓய்வின்றிப் பத்துக் கிலோமீட்டர் ஓடுவதை வீரம் என்று கொள்வது விந்தை. அத்தகைய நாளில் ஓட்டத்தைப் பாதியாக்குவதே சரி.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல இரண்டே செய்திகள். ஓடுமுன்னும் ஓடியபின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் என்று கொண்டு, அதைச் சில மணி நேரத்தில் சிறுகச் சிறுக உப்புள்ள உணவோடு ஈடுசெய்ய வேண்டும். மறுபுறம், தாகமின்றி லிட்டர் கணக்கில் வெறும் நீரைக் குடிப்பதும் ஆபத்தே: 2002 பாஸ்டன் மராத்தானில் 488 ஓட்டக்காரர்களின் குருதியைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் என்னும் உப்புச்சத்து இயல்பளவுக்குக் கீழே இருந்ததையும், ஓட்டத்தின்போது எடை கூடியவர்களே அதற்கு மிகுதியாக ஆளானதையும் ஆய்வாளர்கள் கண்டனர்.

உணவைப் பற்றி நீளமாகவே பேச வேண்டியுள்ளது. விடுதியில் வாழும் ஊழியர் பலருக்கு மூன்று வேளையும் கேட்டரிங் சாப்பாடு. விடியுமுன் வந்து சேரும் பொட்டலம் நண்பகல்வரை காத்திருக்கிறது, சில நாள் ஊசிப்போய்த் தொட்டிக்குப் போகிறது. அவ்வாறு ஒரு வேளை உணவை இழந்தவர் அன்று மாலை ஓடக் கூடாது. இதில் பேரம் இல்லை. உட்கொள்ளும் ஆற்றல் தொடர்ந்து செலவைவிடக் குறைந்தால் வரும் கேட்டை விளையாட்டுசார் ஆற்றல் பற்றாக்குறை என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் வரையறுத்து, 2023இல் விரிவாகத் திருத்தியது. எலும்பில் மயிரிழை விரிசல், அடிக்கடி காய்ச்சல், எரிச்சல், தூக்கமின்மை, பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோதல், ஆண்களுக்கு ஆண்மை இயக்குநீர் குறைதல் ஆகியவை அதன் முகங்கள். ஓடி ஓடி இளைத்ததைத் தேர்ச்சி என்று பாராட்டும் நண்பர்கள் இந்நோயைப் பாராட்டுகின்றனர்.

நாள்தோறும் ஒன்று முதல் மூன்று மணி நேரம் வரை பயிற்சி செய்பவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆறு முதல் பத்து கிராம் மாவுச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. உடல்வேலையையும் கணக்கில் சேர்த்தால் துவாஸ் ஊழியர் இவ்வரிசையில் வந்துவிடுவார். அறுபது கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 360 கிராம். நூறு கிராம் சோற்றில் இருப்பது ஏறத்தாழ 28 கிராம் மட்டுமே. ஆகவே சோற்றை எதிரியாகப் பார்க்கும் நாகரிகம் அவருக்குப் பொருந்தாது. பொட்டலத்தில் உண்மையில் குறைவது புரதம். கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்னும் பரிந்துரையின்படி அவருக்கு நாளொன்றுக்கு எழுபது, எண்பது கிராமாவது தேவைப்பட, சாம்பாரும் பொரியலும் அதில் சிறு பங்கையே தருகின்றன. ஒரு முட்டையில் ஆறு கிராம் உண்டு. வேகவைத்த இரண்டு முட்டையும் அவித்த கொண்டைக்கடலையும் மலிவான தீர்வு. புரட்டாசியில் புலால் விடுபவர்களுக்குச் சோயாவில் செய்த தவ்குவாவும் தெம்பேயும் காப்பிக்கடையிலேயே கிடைக்கின்றன. விரத நாளில் ஓட்டம் வேண்டா. சாப்பிட்ட கையோடு தே தாரிக் குடிக்கும் பழக்கம் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைப்பதால், தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளிவைப்பது நன்று; காரணமின்றி மூச்சு வாங்கும் ஓட்டக்காரர், குறிப்பாகப் பெண்கள், குருதியில் இரும்புச் சேமிப்பைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இனி உறக்கம். மேற்சொன்ன யாவற்றையும் கடைப்பிடித்து இதை மட்டும் விட்டவருக்குப் பயன் சொற்பமே. ஆஸ்திரேலியாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், தேர்ந்த தாங்குதிறன் வீரர்கள் மூன்று இரவுகள் எட்டு மணி நேரத்துக்கு மேல் உறங்கியபின் மிதிவண்டிச் சோதனையை வழக்கத்தைவிட விரைவாக முடித்தனர். உறக்கம் குறைக்கப்பட்டபோது பின்தங்கினர். காலணியிலும் கைக்கடிகாரத்திலும் செலவழித்துப் பெற முனையும் பயனை அவர்கள் படுத்தே பெற்றனர். நலத்துக்கும் இதுவே அடிப்படை: 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில் சளிக் கிருமியை மூக்கில் சொட்டாக விட்டபோது, ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்குபவர்கள் ஏழு மணி நேரத்துக்கு மேல் உறங்குபவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் சளிக்கு ஆளாகும் வாய்ப்புக் கொண்டிருந்தனர். பலர் ஒன்றாகத் தங்கும் அறையில் அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

உறக்கத்தைத் திருடுவது யார் என்று பார்த்தால், ‘ஓடி’ எனப்படும் மிகைநேர வேலையும் சத்தமும் மட்டுமல்ல, கடிகாரமும்தான். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஊரில் இரவு ஒன்பது மணிக்கு வீட்டார் சாப்பிட்டுக் கைகழுவிக் கைப்பேசியின் முன் வந்து அமரும்போது துவாஸில் பதினொன்றரை. பேசி முடித்துப் படுத்தவர், லாரியைப் பிடிக்கவும் குளியலறை வரிசையில் நிற்கவும் ஐந்து மணிக்கு எழ வேண்டும். ஐந்து மணி நேர உறக்கத்தின்மேல் கட்டப்படும் எந்தப் பயிற்சியும் மணல்மேல் சுவரே. குடும்பத்தை மறக்கச் சொல்வது இவ்வுரையின் நோக்கமன்று. பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுடன் ஊர் நேரப்படி மாலை ஐந்தரைக்குப் பேசினால் இங்கே எட்டு மணி. வேலை முடிந்து திரும்பும் லாரியிலேயே அந்த உரையாடலை முடிக்கலாம், உறக்கமும் பிழைக்கும்.

இரவு வேலை பார்ப்பவர் காலையில் திரும்பியவுடன் வெயிலில் ஓடுவது, உறங்க வேண்டிய உடலுக்கு விடிந்துவிட்டது என்று வெளிச்சத்தால் அறிவிப்பதாகும். கண்ணை மறைத்து முதலில் உறங்குவதும், எழுந்தபின் வேலைக்குமுன் ஓடுவதுமே சரியான வரிசை. காபிச்சத்தின் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாவதால், வேலையின் பிற்பாதியில் காப்பி வேண்டா.

மூன்று எச்சரிக்கைகள் சுருக்கமாக. ஓட்டத்துக்குமுன் வலிநிவாரணி மாத்திரை போடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். ஓடியபின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து குருதியில் கலந்திருக்கக்கூடும் என்பதால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உடன் ஓடுபவர் வெப்பத்தில் குழம்பிப் பேசினாலோ விழுந்தாலோ 995ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் தண்ணீராலும் பனிக்கட்டியாலும் உடலைக் குளிர்விக்க வேண்டும். உயிர் தங்குவது அந்த முதல் சில நிமிடங்களில்.

இன்று இரட்டை ‘ஓடி’ பார்த்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர், அட்டவணையில் பத்துக் கிலோமீட்டர் என்று எழுதியிருந்தாலும் அதை அடித்துவிட்டு, அலாரம் வைத்துப் படுத்துவிடட்டும்.