இருபது சிஃபத்தும் ஒரு தராசும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அல்ஹம்துலில்லாஹ், நம் சங்கம் ஐம்பதாவது ஆண்டைக் கண்டிருக்கிறது. ஐம்பது என்றதும் நம் முன்னோர் ஓதிய ‘அகாயிது ஐம்பது’ நினைவுக்கு வருகிறது. அல்லாஹ்வுக்கு வாஜிபான சிஃபத்துகள் 20, முஸ்தஹீலானவை 20, ஜாயிஸ் 1. ரசூல்மார்களுக்கு வாஜிப் 4, முஸ்தஹீல் 4, ஜாயிஸ் 1. கூட்டினால் 50. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வளரும் நம் பிள்ளைகள் இதையே மலாய் மொழியில் ‘சிஃபாத் 20’ என்று படிக்கிறார்கள். வுஜூத், கிதம், பகா என்று ராகமாக ஒப்பிக்கவும் செய்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாலை நேர மதரஸாவில் ஒரு சிறுமி கேட்டாள்: “தொழுகை நமக்கு வாஜிப். அல்லாஹ் கட்டளையிட்டான். அல்லாஹ்வுக்கே இருபது வாஜிப் என்றால், அவனுக்குக் கட்டளையிட்டது யார்?” நாங்கள் பதறிப்போய், “அஸ்தஃபிருல்லாஹ், அப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்று வாயை அடைத்துவிட்டோம். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கேள்வியே கேட்கவில்லை. அன்று கொடுத்திருக்க வேண்டிய பதிலை இன்று இச்சபையில் சொல்ல விரும்புகிறோம்.

இருபது சிஃபத்துப் பாடத்துக்கு மூலம் ‘உம்முல் பராஹீன்’ என்னும் சிறு நூல். ‘சான்றுகளின் தாய்’ என்று பொருள். இன்றைய அல்ஜீரியாவிலுள்ள திலிம்ஸான் நகரத்து இமாம் ஸனூஸி (ரஹ்) எழுதியது. அவர் 1490இல் வஃபாத்தானார். மன்திக் என்னும் தர்க்கக் கலையிலும் அவர் நூல் எழுதியவர். அகீதா நூலைத் தொடங்கும்போதே அறிவின் தீர்ப்பு மூன்று வகை என்று வகுக்கிறார். இல்லையென்று அறிவால் எண்ணவே முடியாதது வாஜிப். உண்டென்று எண்ணவே முடியாதது முஸ்தஹீல். இருக்கவும் இல்லாமற்போகவும் கூடியது ஜாயிஸ். ஆகவே இங்கே வாஜிப் என்பது கட்டளையல்ல, இல்லாமலிருக்க முடியாதது. ஃபிக்ஹின் வாஜிப் வேறு, தர்க்கத்தின் வாஜிப் வேறு. சிறுமிக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது.

இந்தத் தராசு எங்கிருந்து வந்தது? அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்கள் அப்பாஸியர் காலத்தில் அரபியில் வந்தன. இப்னு சீனா (980–1037) அதே தர்க்கத்தைக் கொண்டு ‘இருப்பு’ என்பதையே ஆராய்ந்தார். உலகிலுள்ள ஒவ்வொரு பொருளும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது இருக்கிறதென்றால் இருக்கும்படி செய்த ஒன்று வேண்டும். அந்தத் தொடர் தானாகவே இருந்தாக வேண்டிய ஒன்றில், வாஜிபுல் வுஜூதில், போய் முடிய வேண்டும் என்றார்.

தொடர் முடியாமலே போனால் என்ன? நாம் வியாபாரச் சமூகம். கடைத்தெரு வழக்கிலேயே சொல்வோம். “அவர் தந்தால் நான் தருகிறேன்” என்று ஒவ்வொரு கடைக்காரரும் அடுத்தவரைக் கைகாட்டினால், கையில் சொந்தப் பணம் உள்ள ஒருவர் இல்லாதவரை யாருக்கும் ஒரு காசு வந்து சேராது. இதுதான் தஸல்ஸுல். இருவரே ஒருவரையொருவர் கைகாட்டினால் அது தவ்ர். இரண்டும் முஸ்தஹீல் என்பதே நம் இமாம்களின் வாதம்.

ஆனால் தர்க்கத்தை ஏற்றால் தத்துவஞானிகள் சொன்னதையெல்லாம் ஏற்க வேண்டுமா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இல்லை என்றார்கள். ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ நூலில் தத்துவஞானிகளின் 20 கொள்கைகளை எடுத்து மறுத்தார்கள். அதே இமாம் தர்க்க நூல்களையும் எழுதி, ஒன்றுக்கு அளவுகோல் என்றும், ஒன்றுக்கு உரைகல் என்றும் பொருள்படப் பெயரிட்டார்கள். தமிழிலும் தர்க்கத்துக்கு ‘அளவை’ என்று பெயர் இருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வியாபாரி பொய் சொன்னால் தராசைக் குற்றம் சொல்வதில்லை. அதே தராசில் அவன் சரக்கை நிறுத்துக் காட்டுகிறோம்.

கஸ்ஸாலி நிறுத்துக் காட்டிய ஒன்றைப் பாருங்கள். நெருப்புப் பட்டால் பஞ்சு எரிந்தே தீரும் என்று தத்துவஞானிகள் கூறினர். இமாம் கேட்டார்கள்: நாம் காண்பது நெருப்புப் பட்டபோது எரிந்தது என்பதுதானே? எரியாமலிருப்பது முரண்பாடா? இல்லை. ஆகவே அது அல்லாஹ் நடத்திவரும் வழமை. அறிவின் வாஜிப் அல்ல. இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றை ஓதும் நமக்கு இதன் முக்கியத்துவம் விளங்கும். இப்னு ருஷ்து (1126–1198) இதற்கு மறுப்பு எழுதினார். இப்னு தைமிய்யா (ரஹ்) தர்க்கக் கலையையே குறை கூறி எழுதினார்கள். கேள்வியால் கேள்வியைச் சந்தித்த சபை அது. அங்கே யாரும் யாரையும் உட்கார வைக்கவில்லை.

வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற தமிழகத்து அரபுக்கல்லூரிகளில் ஓதிய ஹஜ்ரத்மார்களுக்கு மன்திக்கும் அகீதாவும் பாடங்களாகவே இருந்தன. இந்நாட்டுக்கு வந்து நம் பள்ளிவாசல்களில் தமிழில் பயான் செய்தவர்களில் அப்படி ஓதியவர்களும் உண்டு. நமக்குப் பட்டியல் மிஞ்சியது, வாதம் மிஞ்சவில்லை. இமாம் ஸனூஸியோ, பிறர் சொன்னதற்காக மட்டும் நம்புவது போதாது, ஆதாரத்தோடு அறிய வேண்டும் என்பதில் கடுமையாக இருந்தவர். அவர் பாடத்தை வெறும் மனப்பாடமாக்கியது நம் தவறு.

எனவே ஐம்பத்தோராம் ஆண்டுக்கு நாங்கள் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஒவ்வொரு சிஃபத்தையும் ஓதிக்கொடுக்கும்போது ‘ஏன்’ என்பதையும் சேர்த்து ஓதிக்கொடுப்போம், தமிழிலோ மலாயிலோ, பிள்ளைக்கு விளங்கும் மொழியில். பதில் தெரியாவிட்டால், “ஹஜ்ரத்திடம் கேட்டுச் சொல்கிறோம்” என்போம். அந்தச் சிறுமி இன்று வளர்ந்து பெரியவளாகியிருப்பாள். இம்மலர் அவள் கைக்குக் கிடைத்தால், தாமதமான பதிலாக இதை ஏற்றுக்கொள்ளட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தெளிவான ஈமானையும், நமக்குப் பதில் சொல்லும் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.