விடுதி அறையில் கைமாறிய அச்சுப்படி



"அறிவியலில் தமிழர்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். பெயர்ப்பட்டியல் வாசிக்க எனக்கு மனமில்லை. அந்தப் பெயர்கள் உங்களுக்கே தெரியும். ஒருவர் தம்மை விஞ்ஞானி என்று எண்ணத் தொடங்குவது எப்போது, அதற்கு யார் காரணம் என்பதைப் பற்றிப் பேச நினைக்கிறேன். ஆய்வுக்கூடங்களிலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் அந்த எண்ணம் வராதவர்கள் நிறையப் பேர். பட்டம் வாங்கும் முன்பே அது வந்துவிட்டவர்களும் உண்டு. வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் அப்படி ஒருவர்.

1928ஆம் ஆண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் இயற்பியல் மாணவர். ஜெர்மனியிலிருந்து வந்த ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் அந்தக் கல்லூரியில் உரையாற்றினார். அணு அமைப்பைப் பற்றி சோமர்ஃபெல்ட் எழுதிய நூலைச் சந்திரசேகர் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தார். பேராசிரியர் தங்கியிருந்த விடுதிக்கே தேடிப் போய், இயற்பியலில் தமக்குள்ள ஆர்வத்தைச் சொன்னார். சோமர்ஃபெல்ட் முதுகில் தட்டிக் கொடுக்கவில்லை. நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது என்றார். ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் ஆகியோர் வந்த பிறகு அடித்தளமே மாறிவிட்டது, புள்ளியியல் இயக்கவியலும் மாறிவிட்டது என்று விளக்கினார். பிறகு, உலோகங்களில் எலக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதிய, இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அந்த அச்சுப்படிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வெளிவராத ஆய்வைச் சக ஆய்வாளரிடம்தான் கொடுப்போம். பரிசும் பாராட்டும் மாணவருக்கு உரியவை, இது அப்படிப்பட்டதல்ல. அடுத்த சில மாதங்களில் சந்திரசேகர் அந்தப் புதிய புள்ளியியலைத் தாமே கற்று, காம்ப்டன் சிதறலுக்கு அதைப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ஆர்.எச். ஃபவுலருக்கு அனுப்பினார். 1929இல் ராயல் சொசைட்டியின் ஆய்வேட்டில் அது வந்தது. அப்போது அவர் இளங்கலை கூட முடிக்கவில்லை. அதே ஆண்டு ஹைசன்பர்க் சென்னை வந்தபோது ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு இவரிடம் வந்தது.

"சித்தப்பா சி.வி. ராமன் ஆயிற்றே, வீட்டிலேயே விஞ்ஞானி இருந்தாரே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அது பெரும் பேறுதான். ஆனால் அதே வீட்டில், ரயில்வே கணக்குத் துறை அதிகாரியான அப்பாவுக்கு மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்று ஆசை இருந்தது. மகன் பக்கம் நின்றவர் அம்மா சீதாலட்சுமி. நோயில் படுத்திருந்த நிலையிலும் மகனைக் கப்பலேறச் சொன்னவர் அவர். 1930இல் மகன் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார். அந்தப் பயணத்தில்தான், வெண்குறுமீன் என்ற வகை விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு என்று கணக்கிட்டார். அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். மறு ஆண்டு அம்மா காலமானபோது அவர் கேம்பிரிட்ஜில் இருந்தார். கடல் கடந்து வாழும் நமக்கு அந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

ஒருமுறை வந்த நம்பிக்கை அப்படியே நிலைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜில் அவருக்குத் தம்மேலேயே ஐயம் வந்தது. 1933இல் டிரினிடி கல்லூரி ஆய்வாளர் தேர்வில் தம் பெயர் வராது என்றே முடிவுகட்டி, பெட்டி படுக்கையோடு ஆக்ஸ்போர்டுக்குக் கிளம்பிவிட்டார். ரயிலடிக்குப் போகும் வழியில் டாக்சியை நிறுத்திப் பட்டியலைப் பார்த்தால், அவர் பெயர் இருக்கிறது! ராமானுஜனுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவர். 1935 ஜனவரியில் வானியலாளர் எடிங்டன், வானியல் கழகக் கூட்டத்திலேயே, நிறை எல்லை பற்றிய அவருடைய முடிவை எள்ளி நகையாடினார். பெரிய இயற்பியலாளர்கள் சிலர் தனியே "நீங்கள் சொல்வதுதான் சரி" என்றார்கள். சபையில் எழுந்து சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. எடிங்டனின் கேலியைவிட அந்த மௌனம்தான் கொடியது என்பது என் எண்ணம்.

அவர் மனைவி லலிதாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே மாநிலக் கல்லூரி, அதே இயற்பியல். 1936இல் திருமணம், இருவரும் அமெரிக்காவில் குடியேறிய பிறகு லலிதாவின் இயற்பியல் தொடரவில்லை. அதை யாரும் ஓர் இழப்பாகப் பேசுவதில்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. பெண்ணை விஞ்ஞானியாகப் பார்க்க நாம் இன்னும் பழகவில்லை. டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 4,807 பிள்ளைகளிடம் விஞ்ஞானி ஒருவரை வரையச் சொல்லி, 1983இல் முடிவை வெளியிட்டார். பெண்ணை வரைந்தவை 28 படங்கள் மட்டுமே. அத்தனையும் சிறுமிகள் வரைந்தவை. ஒரு பையன் கூட வரையவில்லை.

இன்று மாலை இதே மேடையில் மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளுக்குக் கேடயம் கொடுத்தோம். மகிழ்ச்சி, தொடரட்டும். அதோடு நிர்வாகக் குழுவிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கூட்டத்தில் மருத்துவ ஆய்வு செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், மண்ணை ஆராய்கிறவர்கள் இருக்கிறீர்கள், வானிலைக் கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு பிள்ளையை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, உங்கள் வேலையிடத்துக்குக் கூட்டிப் போங்கள். முடிந்து போன வேலையைக் காட்டாதீர்கள். உங்களுக்கே இன்னும் விடை தெரியாத ஒன்றை முன்னே வைத்து, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். அவர்கள் செய்து பார்த்ததை, சரியாக வராவிட்டாலும், அடுத்த ஆண்டுச் சங்க மலரில் அவரவர் பெயரோடு அச்சிடுவோம். விருப்பமுள்ள பெற்றோர் வெளியே வரவேற்பு மேசையில் பெயர் கொடுக்கலாம். முதல் பிள்ளைகளை என் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி வையுங்கள்.