வாசற்படியில் தொடங்கிய அரசியல்



சமயப் பெரியார் அரசியலில் ஈடுபடலாமா என்ற கேள்வி நம் ஊர்களில் அடிக்கடி எழுவது. கோயிற் பரிபாலன சபைக் கூட்டத்திலும் எழும். தேர்தற் காலத்துத் தேநீர்க் கடையிலும் எழும். நமக்குப் பழக்கமில்லாத ஒரு சமயத்தாரின் வரலாற்றிலே இதற்கு நல்லதொரு விடை கிடைக்கிறது. அதனையே இன்று பேச எண்ணுகிறேன்.

யூதர் தம் சமய அறிஞரை 'றபி' என அழைப்பர். 'என் ஆசான்' என்பது அச்சொல்லின் பொருள். றபி நம் குருக்களைப் போலப் பூசை செய்பவரல்லர். மறைநூல் கற்பார், கற்பிப்பார், பிணக்கு வந்தால் நீதி சொல்வார். ஆகவே ஊர் விவகாரம் அவருக்குப் புறம்பானதன்று. 1965 மார்ச்சில் அமெரிக்காவின் செல்மா நகரிலே, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் நடத்திய பேரணியில், ஏபிரகாம் யோசுவா ஹெசெல் என்ற றபி முன்வரிசையிலே நடந்தார். கற்றதை நடந்து காட்டிய ஆசான் அவர்.

இனி நமக்கு அண்மையிலுள்ள கொச்சிக்கு வருவோம். அங்கு யூதர் வாழ்ந்த காலம் மிக நீண்டது. கி.பி. 1000ஆம் ஆண்டளவில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஈசுப்பு இறப்பான் என்ற யூதத் தலைவனுக்கு 72 உரிமைகளைச் செப்பேட்டிலே பொறித்து வழங்கினான். பல்லக்கும் குடையும் காகளமும் அவற்றுள் அடங்கும். செப்பேடு வட்டெழுத்தில், அக்காலச் சேரநாட்டு வழக்கிலே அமைந்தது. தமிழ் கற்ற எவரும் ஆர்வத்தோடு படிக்கத்தக்கது. இச்செப்பேடு மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடத்திலே பேணப்பட்டு வந்தது.

பல்லக்கும் குடையும் பெற்ற பெருமையைச் சொல்லும் ஏடு இருந்த அதே கூடத்திலேதான் சிலருக்கு உட்கார இடம் மறுக்கப்பட்டது. முன்னாளில் அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்த யூதர் அவர்கள். அதே மறைநூலை ஓதினர். அதே ஓய்வுநாளைக் காத்தனர். ஆயினும் உள்ளே வாங்குகளில் அமர அவர்களுக்கு உரிமையில்லை. தரையிலோ வாசற்படியிலோ இருக்கவேண்டும். புதைகுழியிலும் பேதம் இருந்தது.

அந்தக் குலத்திலே 1882இல் பிறந்தவர் ஏபிரகாம் பாராக் சாலெம். அவர் றபி அல்லர். முறைப்படி பட்டம் பெற்ற றபிமார் கொச்சியிலே பொதுவாக இருந்ததில்லை. கற்ற பெரியோரே வழிபாட்டை நடத்தினர். சாலெம் சென்னையிலே சட்டம் பயின்று எறணாகுளத்தில் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தார். கொச்சி யூதருள் முதற் பட்டதாரி அவரே. 1925 முதல் 1931 வரையும், மீண்டும் 1939 முதல் 1945 வரையும் கொச்சி அரசின் சட்டநிரூபண சபையிலே அங்கத்தவராயிருந்தார். தொழிலாளர் பக்கம் நின்றார். 1929ஆம் ஆண்டு இறுதியில் லாகூரிலே கூடிய காங்கிரஸ் மகாசபைக்கும் சென்றார்.

சபையிலே உரிமை பேசிய அந்த மனிதர், தொழுகைக்கூடத்துக்குச் சென்றால் வாசற்படியிலே இருக்கவேண்டியவர்! இதனை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். வேறொருவராயின் அந்தக் கூடத்தையே கைவிட்டிருப்பார்; அன்றேல், 'நமக்கு வெளியிலே மதிப்பு இருக்கிறது, இது போதும்' என்று வாளாவிருந்திருப்பார். சாலெம் இரண்டையும் செய்யவில்லை. காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியைத் தம் மக்களிடையே கைக்கொண்டார். சிலகாலம் கூடத்தைப் பகிஷ்கரித்தார், வாதாடினார், விடாது நின்றார். 1930களின் நடுப்பகுதிக்குள் பழைய தடைகள் பல தளர்ந்தன. 'யூத காந்தி' என்ற பெயரும் அவருக்கு வாய்த்தது. ஆனால் மணவுறவிலே பேதம் பின்னரும் நீடித்தது. சட்டத்துக்கும் சத்தியாக்கிரகத்துக்கும் எட்டாத ஒரு மூலை மனித மனத்திலே உண்டு போலும்.

1950களின் தொடக்கத்திலே கொச்சி யூதருட் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தனர். அவர்கள் பயணத்துக்கு உழைத்த சாலெம் தாம் மட்டும் பிறந்த மண்ணிலேயே இருந்து, 1967இல் காலமானார். இன்று கொச்சியில் எஞ்சியுள்ள யூதர் மிகச் சிலரே. யார் எங்கே அமர்வது என்று வழக்காடிய கூடத்திலே, அமர்வதற்கே ஆளில்லை. மட்டாஞ்சேரி யூதத் தெருவோ சாலெமின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இக்கதை நமக்கு அந்நியமானதா? 1957இல் இலங்கையிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தன் வாசலிலே ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராடவேண்டியிருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' என்னும் நாவலைப் படித்தோர் அக்காலத்து வலியை அறிவர். நம் தலைவர்கள் கொழும்பிலே சம உரிமை கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை என்பதை மறத்தலாகாது.

நான் வாழும் கனகராயன்குளம் போன்ற வன்னிக் கிராமங்களிலே ஊரவர் கூடுமிடங்கள் இரண்டு: ஒன்று குளக்கட்டு, மற்றது கோயில் வீதி. குளத்து நீருக்கு முறை வகுக்கும்போது, கடைசி வயலுக்கும் நீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிறோம். கடைவயல் காய்ந்தால் அந்த முறை பிழை என்று யாரும் சொல்வர். அந்தக் கணக்கைக் கோயில் வீதிக்கும் கொண்டுவந்தால் போதும். கடைசியாக நிற்பவருக்கும் இடம் கிடைத்ததா?

சமயத்தவர் அரசியலுக்கு வரலாமா என்பது நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. வரலாம். ஆனால் அவர் முதலிலே பேசவேண்டிய மேடை, தாம் வழிபடும் இடத்தின் வாசற்படி. அங்கே வாய் திறவாதவர், சபையிலே எவ்வளவு உரத்துப் பேசினும் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி குறைவே.