முதலில் காடி நிற்கும் இடம்

ஜெலாப்பாங்கில் மின்சாரக் காடி வாங்க நினைப்பவர்கள், விலைக்கு முன் காடி நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் வந்தபோது ரோன்95 லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 13 சென். மின்சாரக் காடிக்கு 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் வேண்டும். வீட்டில் யூனிட் 50 சென் என்றால் கிலோமீட்டருக்கு ஏழரை சென்தான். கறுப்பு எண்ணெய் மாற்றும் செலவும் இல்லை. விரைவு சார்ஜரில் யூனிட்டுக்கு 1 ரிங்கிட் 40 சென் கொடுத்தாலோ 21 சென்! வீட்டில் சார்ஜ் செய்ய வசதியில்லாத அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது பெரிய சுமை. அவர்களுக்கு மைவி போன்ற பெட்ரோல் காடியே சிக்கனம் என்பேன்.

மின்சாரக் காடிக்கான சாலை வரி விலக்கும் 2025-உடன் முடிந்துவிட்டது. தரைவீட்டுக்காரர்கள், பதிவுபெற்ற மின்பணியாளரிடம் வயரிங்கைக் காட்டிவிட்டு முன்பணம் கட்டுங்கள்.