சிராய்ப்பைக் காத்தாட விடணுமா?

ஆவடி–வெள்ளானூர் ரோட்டுல மணல்ல பைக் சறுக்கி முழங்கை தேஞ்சா, வீட்ல முதல்ல வர்ற வசனம்: "மூடாத, காத்தாட விடு, சீக்கிரம் காயும்."

காயும். ஆனா ஆறுறது லேட்டாகும். 1962-ல ஜார்ஜ் விண்டர் பன்றிகள்ல சோதிச்சார். மூடி ஈரமா வச்ச காயத்துல புது மேல்தோல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமா வளர்ந்தது. ஏன்னா, தோல் செல்கள் காயத்தோட ஓரத்துல இருந்தும், அடியில மிஞ்சின மயிர்க்கால்கள்ல இருந்தும் ஊர்ந்து வருது. மேல பக்கு காய்ஞ்சிருந்தா, அதுக்கு அடியில சுரங்கம் தோண்டித்தான் வரணும். மெட்ரோ வேலை மாதிரிதான்!

மூடுறதுக்குன்னே நம்ம அடையாறு சி.எல்.ஆர்.ஐ. கொலாஜன் ஷீட் உருவாக்கியிருக்கு. சின்ன சிராய்ப்புக்கு அதெல்லாம் வேண்டாம். குழாய்த் தண்ணியில மண் போகக் கழுவி, வேசலின் தடவி, சுத்தமான துணியால மூடுங்க. காபித்தூள் மட்டும் ப்ளீஸ் வேண்டாம். சிவந்து வீங்கினா, சீழ் வச்சா டாக்டர்கிட்ட போங்க. கடைசி டி.டி. ஊசி எப்போ போட்டதுன்னு அம்மாகிட்ட இன்னைக்கே கேட்டு வைங்க.