சுவரில் யார் படம்?

(நமது நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சுண்டல் ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது செயலாளர் உத்தரவு.

நம் குடியிருப்பு நிற்கும் இந்த இடம் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்தின் நஞ்சையும் கொடிக்காலுமாக இருந்தது. அந்தக் குடும்பத்தார் தங்கள் பழைய குழுப் படம் ஒன்றைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சங்கத்துக்குத் தந்திருக்கிறார்கள். அதை இந்தக் கூடத்தில் மாட்டலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரே வாக்குவாதம். “மண்ணின் வரலாறு, மாட்டுங்கள்” என்கிறார்கள் சிலர். “மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுவது நாங்கள், பண்ணையார் படம் எதற்கு?” என்கிறார்கள் சிலர். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பாரும் படத்தை உற்றுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதற்கு வருவதற்கு முன், இதைவிட மிகப் பழைய ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை வரைந்தது லண்டனில், இப்போது இருப்பது அமெரிக்காவில். ஆனாலும் நம் மாவட்டத்துக்கு அதில் தொடர்பு உண்டு.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது உங்களுக்குத் தெரியும். முதலில் அது ஒரு வணிகர் கட்டிய சின்னக் கோட்டை. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்த பிறகு மராத்தியர் கைக்கு வந்தது. 1690இல் ஆங்கிலக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்குக் கயிறும் சங்கிலியும் வைத்து அளக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அதுவரை கம்பெனிக்கு. அதுதான் ஒப்பந்தம். அப்படியே நாலாபக்கமும் சுட்டார்கள். கடலூர் நகரமும் சுற்றியுள்ள ஊர்களும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டன. குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் அதனால் வந்தவை என்பது கடலூர்க்காரர்கள் பேச்சு. ஒரு கிராமத்துக்காரர் காலையில் மராத்தியர் குடியாக எழுந்து, சாயங்காலம் கம்பெனிக் குடியாகப் படுத்திருப்பார். நடுவில் அவர் அறிந்தது ஒரு வெடிச் சத்தம் மட்டும்தான். நம் பத்திர ஆபீசில் இப்படி ஒரு எல்லையைச் சொன்னால் எழுத்தர் என்ன முகம் காட்டுவார் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்போது சென்னையில் கம்பெனியின் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை இருந்தார். வேல்ஸ் நாட்டு வம்சாவளி. அந்த நாட்டின் புனிதர் டேவிட் பெயரைத்தான் நம் கோட்டைக்கு வைத்தார்கள். கம்பெனிச் சம்பளத்தைவிடச் சொந்த வியாபாரத்தில்தான் அவர் பெரும் பணம் சேர்த்தார். குற்றச்சாட்டுகள் கிளம்பி 1692இல் பதவி போயிற்று, பணம் போகவில்லை. 1699இல் லண்டன் திரும்பினார். 1718இல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் படம் இவற்றை அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் வந்தது. நன்றிக்கடனாக அவர் பெயரை வைத்தார்கள். அதுதான் யேல் பல்கலைக்கழகம். சில வீடுகளில் பிள்ளைகள் அங்கே சேர ஆசைப்படுவதாகக் கேள்வி. சேரட்டும், தவறில்லை.

நான் சொல்ல வந்த படத்தில் இந்த யேல் இருக்கிறார். 1719 வாக்கில் வரையப்பட்டது. பெரிய மனிதர்கள் மேசையைச் சுற்றி மதுக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பிரபு வீட்டு மருமகன். பின்னால் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான், பத்து வயது இருக்கலாம். நல்ல உடுப்புதான் போட்டிருக்கிறான். ஆனால் கழுத்தில் வெள்ளிப் பட்டை, அதில் ஒரு பூட்டு. அவன் அடிமை. யேல் காலத்துச் சென்னையிலும் பஞ்சத்தில் அடிபட்டவர்களை வாங்கி அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

உட்கார்ந்திருப்பவர்களின் பெயர்களை வைத்து ஆராய்ச்சிக்காரர்கள் பல ஆண்டு விவாதித்திருக்கிறார்கள். இவர் எந்தப் பிரபு, அவர் எந்த மருமகன் என்று. சிறுவனைப் பற்றிய ஆராய்ச்சி வெகு பிந்தித்தான் வந்தது. அவன் பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை.

டைடஸ் கஃபார் என்ற ஓவியர், அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர், 2016இல் ஒரு வேலை செய்தார். அந்தப் படத்தை மறுபடி வரைந்தார். வரைந்த துணியில் பெரிய மனிதர்கள் இருக்கும் பகுதியைக் கசக்கிச் சுருட்டிவிட்டார். சிறுவனின் முகம் மட்டும் தங்கச் சட்டத்துக்குள் நேராக நம்மைப் பார்க்கிறது. கழுத்தில் பட்டை இல்லை. 2020இல் அருங்காட்சியகம் பழைய படத்தைக் கழற்றிவிட்டு இதைச் சில மாதங்கள் மாட்டியது. பிறகு பழைய படமும் சுவருக்குத் திரும்பியது. ஆனால் தலைப்பு மாறியிருந்தது. அடிமைப்படுத்தப்பட்ட ஒரு குழந்தையும் படத்தில் உண்டு என்று தலைப்பே இப்போது சொல்கிறது. கழற்றி எறியவில்லை, பழையபடியே தொங்கவிடவும் இல்லை. எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது.

இனி நம் பக்கம் வருவோம். லால்பேட்டை என்ற பெயருக்கு ஒரு மனிதர் காரணம். ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் காலத்தில் அதிகாரியாக இருந்த லால்கான் பெயரால் ஊர் அமைந்தது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் வரலாறு. அன்வருத்தீன் 1749இல் ஆம்பூர்ப் போரில் இறந்தார். அதாவது செயின்ட் டேவிட் கோட்டையில் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருந்த அதே காலம். லால்கானை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து யாரும் சுவரில் மாட்டி வைக்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் “லால்பேட்டை இறங்கு” என்று கத்தும்போதெல்லாம் அவர் பெயரைத்தான் சொல்கிறார். படம் இல்லாமலும் ஒரு ஆள் ஊரில் இருக்க முடியும்.

இன்னொன்றும் உண்டு. கொள்ளிடக் கரை ஆதனூர் நந்தனார். சேக்கிழார் சொல்லும் நந்தனாருக்கு ஆண்டை கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய கதையில்தான், சிதம்பரம் போக உத்தரவு கேட்டு நிற்கும் பண்ணையாளும், விடாத ஆண்டையும் வருகிறார்கள். அந்த ஆண்டைக்கு அங்கே பெயர் இல்லை. வெறும் வேதியர்தான். பண்ணையாளுக்குப் பெயர் நிலைத்து, நிலக்காரருக்குப் பெயர் இல்லாமல் போன கதை நம் பக்கத்தில் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

மற்றபடி எல்லாம் தலைகீழ். நம் பக்கத்து நிலக்காரர் வீட்டுப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டூடியோக்காரர் காமிராவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வருவார். முற்றத்தில் நாற்காலி போடுவார்கள். கைத்தடியோடு பெரியவர், பக்கத்தில் சரிகைப் புடவையில் அம்மாள், தரையில் ஜமுக்காளத்தில் பேரப் பிள்ளைகள். கீழே “உட்கார்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம்” என்று வரிசையாகப் பெயர். மாட்டையும் வண்டியையும் பெருமையாகச் சேர்த்து எடுத்த படங்களும் உண்டு.

நமக்கு வந்திருக்கும் படமும் அந்த மாதிரிதான். எண்ணிப் பார்த்தேன். படத்தில் பதிமூன்று பேர். கீழே அச்சடித்திருப்பது பதினொரு பெயர், மடியில் இருக்கும் கைக்குழந்தை உட்பட. பெயர் இல்லாத இருவரும் இரண்டு ஓரத்தில் நிற்கிறார்கள். ஒருவர் கையில் வெற்றிலைப் பெட்டி. மற்றவர் தோளில் துண்டு இல்லை, அதைக் கக்கத்தில் இடுக்கியிருக்கிறார். ஏன் அப்படி என்று பெரியவர்களுக்குத் தெரியும், இளைஞர்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். கொடிக்கால் என்றால் அகத்தி நட்டு, கொடி ஏற்றி, நாள் தவறாமல் தண்ணீர் காட்டி, இலை கிள்ளிக் கவுளி கட்ட வேண்டும். அந்த வேலையை நாற்காலியில் இருப்பவர்கள் செய்திருக்க மாட்டார்கள்.

நான் படத்தைத் தந்த குடும்பத்தைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெரியவர் பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர் என்று கேள்விப்பட்டேன். அவர் பேரனிடம் பேசியபோது, இந்த இருவர் பெயரும் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்று அவரே வருத்தப்பட்டார். காலனியில் விசாரிக்கச் சொல்லி யோசனை சொன்னவரும் அவர்தான்.

“பெயர் போட ஆரம்பித்தால் சாதிப் பேச்சு வந்துவிடும், இருப்பது அப்படியே இருக்கட்டும்” என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். பதினொரு பெயர் ஏற்கெனவே போட்டிருக்கிறது. அப்போது வராத பேச்சு, இன்னும் இரண்டு பெயர் சேர்த்தால் மட்டும் வருமா? வரும் என்றால் அந்தப் பேச்சு முன்பே இங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறு. அந்த இருவரின் பேரப் பிள்ளைகள் இதே ஊரில் இருக்கலாம். நம் குடியிருப்பிலேயே வேலைக்கு வந்துபோகலாம். தங்கள் தாத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கி நிற்பதை, பிறந்தநாள் விழா நடக்கும் கூடத்தில் தினமும் பார்க்க அவர்களுக்குச் சம்மதமா? பெயர் போட்டால் மட்டும் போதுமா? அவர்களைக் கேட்காமல் நாம் முடிவு செய்யக் கூடாது. வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் மாட்டக் கூடாது, படத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சரி என்றால், பதிமூன்று பெயரோடும் புதுப் பெயர்ப் பட்டி அடித்து மாட்டுவோம். பட்டி அடிக்கும் செலவு என்னுடையது.

அதுவரை படம் அலுவலக அறையில் இருக்கட்டும் என்பது என் தீர்மானம். காலனியில் எண்பது தாண்டிய இருவர் இருப்பதாக நம் தோட்டக்காரர் சொன்னார். ஒருவருக்குப் பார்வை போய்விட்டது. அவருக்குப் படத்தை வாயால் சொல்லித்தான் காட்ட வேண்டும், யார் எங்கே நிற்கிறார், கையில் என்ன என்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் புறப்படுகிறேன். கூட வர இரண்டு பேர் வேண்டும், ஒருவராவது இளைஞராக இருந்தால் நல்லது. பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள்.