புள்ளி போடுவது யார்?

(பார்க்கிங்கில் நடந்த எங்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுத் தமிழைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)

நான் இங்க பிறந்து வளர்ந்தவள். தமிழில எழும்பி நிண்டு கதைக்கிறது இது இரண்டாவது தரம். பிழை விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன மாதம் என்ர பெரியம்மாவின் மகன் ஒரு கேள்வி கேட்டான். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவன். பின்னேரங்களில் பார்க்கிங் ஸ்டேஷனடியில் சைக்கிளோட நிண்டு சாப்பாடு டெலிவரி செய்யிறான். "அக்கா, நேற்று நாலு மணித்தியாலத்தில ஒன்பது ஓடர். இண்டைக்கு அதே இடம், அதே நேரம், மூண்டுதான். நான் என்ன பிழை விட்டனான்?"

நான் தொழிலாளர் உரிமை பற்றி முதுகலை ஆய்வு செய்கிறவள். என்னிடம் பதில் இல்லை. அவன் போய்க் கேட்க ஒரு மேற்பார்வையாளரும் இல்லை.

அல்கோரிதத்தின் நிர்வாகம் என்பது இதுதான். யாருக்கு எந்த ஓடர், அதற்கு எவ்வளவு காசு, யாருடைய கணக்கை முடக்குவது என்பதில் மென்பொருள் தீர்மானிப்பதே அதிகம். திரையில் ஒரு தொகை வரும். சில விநாடிக்குள் எடுக்கவேணும், இல்லையெண்டால் விடவேணும். அந்தத் தொகை எப்படி வந்தது என்று தெரியாது.

இது கணினி கொண்டுவந்த புதுப் பிரச்சினை என்று நினைக்கிறோம். ஆனால் எங்கட இந்த பரோவிலேயே, டகெனமில், இதற்கு ஒரு முன்கதை இருக்கு. அங்கே ஃபோர்ட் கம்பனி ஒவ்வொரு வேலைக்கும் புள்ளி போட்டுத் தரம் பிரித்தது. கார் இருக்கை உறை தைத்த பெண்களுக்கு 'பி' தரம். அந்தத் தரத்திலும் ஆண்களின் கூலியில் 85 சதவீதம்தான். 1968 ஜூன் 7 அன்று 187 பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மூன்று கிழமையில் 92 சதவீதம் கிடைத்தது. 1970இல் சம ஊதியச் சட்டமும் வந்தது.

இந்தக் கதையை எல்லாரும் சம ஊதியக் கதையாகத்தான் சொல்லுவினம். அந்தப் பெண்களின் முதல் கோரிக்கை வேறு. "எங்கட வேலைக்குப் போட்ட புள்ளி பிழை, 'சி' தரம் தா" என்றுதான் கேட்டார்கள். அது கிடைக்க 1984 வரை, இன்னொரு வேலைநிறுத்தம் வரை, காத்திருக்க வேண்டி வந்தது. காசைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க முதலாளி சம்மதிப்பார். புள்ளி போடும் அதிகாரத்தை லேசில் விடமாட்டார்.

அந்தப் பெண்களுக்குப் பின்னால் கம்பனி பேசியே ஆகவேண்டிய ஒரு சங்கம் இருந்தது. டெலிவரி செய்பவர்களுக்கு அது இல்லை. கேம்டனில் டெலிவரூ ஓட்டுநர்களுக்காக ஐடபிள்யூஜிபி சங்கம் 2016இல் அங்கீகாரம் கேட்டது. ஏழு வருட வழக்கு. 2023 நவம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. முக்கிய காரணம்: ஓட்டுநர் தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம், ஆகவே இது வேலை உறவே இல்லை. இதற்கிடையில், 2022இல், அதே நிறுவனம் தானாக விரும்பி ஜிஎம்பி சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. ஊதியம் பற்றிப் பேச இடமுண்டு. ஆனால் ஓட்டுநர்கள் சுயதொழிலாளர்களாகவே இருப்பார்கள்.

சங்கம் உள்ளே போனால் என்ன நடக்கும்? இத்தாலியைப் பாருங்கோ. போலோஞா நீதிமன்றத்தில் சிஜிஐஎல் சங்கங்கள் டெலிவரூ மீது வழக்குப் போட்டன. ஓட்டுநர்களை வரிசைப்படுத்திய அல்கோரிதம், பதிந்த நேரத்துக்கு வராதவர் ஏன் வரவில்லை என்று பார்க்கவில்லை. நோயில் படுத்தவரும் வேலைநிறுத்தம் செய்தவரும் சும்மா வராமல் விட்டவரும் அதற்கு ஒன்றுதான். இது பாகுபாடு என்று 2020 டிசம்பர் 31 அன்று தீர்ப்பு வந்தது. பெட்டியைத் திறக்க ஏலும், தோழர்களே. தனி ஆளால் ஏலாது.

இனி, கதைக்கக் கஷ்டமான பகுதி. மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. ஆகவே என்ர தம்பி வேறொருவரின் கணக்கில்தான் ஓடுகிறான். கிழமைக்கு இவ்வளவு என்று அவருக்கு வாடகை. அவர் வெள்ளைக்காரர் இல்லை. எங்கட ஆள். மலையகத்தில் கங்காணி ஆள் சேர்த்துக் கொடுத்து, தலைக்கு இவ்வளவு என்று காசு எடுத்ததை நாங்கள் கூட்டங்களில் கோபத்தோடு சொல்கிறோம். இது அதுக்கு எவ்வளவு தூரம்?

இந்த நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தரவுகளை எவரும் கேட்டு வாங்கலாம். தம்பியால் முடியாது. பதிவில் அவன் பெயரே இல்லை. விழுந்து கை முறிந்தாலும் அந்தக் கணக்குக்கு அவன் யாரோ. நீதிமன்றத்தில் சங்கத்தைத் தோற்கடித்த அதே 'பதிலாள்' ஏற்பாட்டுக்குள்தான் அவன் ஒளிஞ்சு நிக்கிறான்.

அவனைக் காட்டிக்கொடுங்கோ என்று சொல்லேல்ல. குடிவரவு அதிகாரிகளின் சோதனைகள் யாரைப் பிடிக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது இரண்டு. ஒன்று, கணக்கை வாடகைக்கு விடுகிறவர்கள் எங்கட குடும்பங்களிலும் இருக்கினம். அவர்களோட கதைப்பம், வெட்கப்படாமல். இரண்டு, சொந்தக் கணக்கில் ஓடுகிறவர்கள் தங்கள் தரவைக் கேட்டு வாங்கட்டும். பெயர் இல்லாதவர்கள் ஒரு கொப்பியில் எழுதட்டும்: எத்தனை மணித்தியாலம், எத்தனை ஓடர், எவ்வளவு காசு. மாதம் ஒருக்கால் இந்த மேசையில் எல்லாத்தையும் ஒண்டாக வைத்துப் பார்ப்பம்.

தம்பியின் கேள்விக்கு அப்பவும் முழுப் பதில் கிடைக்காது. ஆனால் அந்தக் கேள்வியை அவன் தனியாக என்னிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.